மழை பெய்தால் திரும்பி வரும் வாடை

பகல் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்கள் நாலு பேர் சோஃபாவில், நடுவில் முறுக்குத் தட்டு, மேலே ஏர்கான். சாயங்காலம் மழை பிடித்தது. “காத்து நல்லா வருது, ஏர்கான நிறுத்திட்டு சன்னலத் தெறப்பா” என்றார் அத்தை. திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. அத்தை மூக்கைச் சுளித்தார்.

“ஏம்ப்பா, பூன எங்கயாச்சும் போயிருச்சா?”

சோஃபாவில் சிறுநீர் போயிருந்தது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பு.

அன்றைக்கே துடைத்திருந்தேன். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து, துணி சோப்பு போட்டு, மேலே ஆப்பசோடா தூவி, கடைசியில் சாம்பிராணியும் காட்டினேன். காய்ந்த பிறகு முகர்ந்து பார்த்தால் சுத்தமாக ஒன்றும் இல்லை. அப்படியிருக்க மூன்று வாரம் கழித்து எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தெரிந்துகொண்டால், எந்தப் பாட்டிலை வாங்குவது, எதைக் கிட்டவே கொண்டுவரக்கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இப்போது நிறைய வீடுகளில் எழும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனைக்கு 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் போட வேண்டும். அதற்கு முன்பும் வளர்த்தவர்கள் வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல். இப்போது பூனையை மறைக்க வேண்டியதில்லை. வாடையை மறைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

சிறுநீரில் என்னதான் இருக்கிறது

பெரும்பங்கு தண்ணீர். மீதியில் யூரியா, உப்புகள், மஞ்சள் நிறம் தரும் நிறமி, கொஞ்சம் யூரிக் அமிலம். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்து விலங்குகள். தண்ணீரை வீணாக்காமல் சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றும் சிறுநீரகம் அவற்றுக்கு. நம் வீட்டுச் சோஃபாவில் படுத்திருக்கும் பூனைக்கும் அதே சிறுநீரகம்தான். அதனால்தான் நாய் போனதைவிடப் பூனை போனது காரமாக இருக்கும். போதாததற்குப் பூனையின் சிறுநீரில் புரதமும், ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த ஒரு பொருளும் உண்டு. கருத்தடை செய்யாத ஆண் பூனைக்கு ஃபெலினின் மிக அதிகம்.

போன உடனே பெரிதாக வாடை அடிக்காது. அந்த நேரத்தில் அது லேசான அமிலம், அவ்வளவுதான். அடுத்த சில மணி நேரத்தில் பாக்டீரியா வேலையைத் தொடங்குகிறது. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. பொதுக் கழிப்பறையில் கண்ணைக் கரிக்குமே, அது இதுதான். ஃபெலினினுக்குத் தனியாக வாடை கிடையாது. அது மெதுவாகச் சிதைந்து கந்தகச் சேர்மங்கள் ஆகும்போதுதான் “பூனை வாடை” என்று நாம் சொல்வது பிறக்கிறது. நாள்கள் எடுக்கும் வேலை இது. துடைத்துவிட்டோம் என்று நாம் மறந்துபோன பிறகுதான் அது களைகட்டும்.

தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. உப்பும் புரதமும் யூரிக் அமிலமும் நாருக்குள் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. யூரிக் அமிலம் தண்ணீரில் கரைய அடம்பிடிக்கும் பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு மில்லிகிராம்கூடக் கரையாது. கடைப் பாட்டில்களில் இதை மட்டுமே வில்லனாக எழுதியிருப்பார்கள். அது அரை உண்மை. மனிதர்களும் மனிதக் குரங்குகளும் நீங்கலாகப் பெரும்பாலான பாலூட்டிகள் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை அலன்டாயின் என்று மாற்றித்தான் வெளியேற்றுகின்றன. அது பல மடங்கு எளிதாகக் கரையும். நாய்களில் டால்மேஷன் இனம் ஒரு விதிவிலக்கு, அதற்கு யூரிக் அமிலம் நிறையப் போகும். ஆக, கரையாத கொஞ்சம் யூரிக் அமிலமும், நாரைப் பிடித்துக்கொண்ட புரதமும், பிசுபிசுத்த உப்பும் சேர்ந்த கூட்டு இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநாளின் கதை இங்கேதான் வருகிறது. நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் ஓடும்போது அறைக் காற்று வறண்டு, காய்ந்த மிச்சம் அடங்கிக் கிடக்கிறது. ஏர்கானை நிறுத்தி, மழைக்காற்றை உள்ளே விட்டதும் அந்த உப்பு ஈரத்தைக் குடிக்கிறது, மூடி வைக்காத உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப்போல. ஈரம் பட்டதும் அடைபட்டிருந்த வாடை வெளியேறுகிறது. பாக்டீரியாவும் தூக்கம் கலைந்து மறுபடி வேலைக்குப் போகிறது. அத்தையின் மூக்கில் தப்பில்லை.

கோப்பி ஓ சோதனை

எங்கே தப்பு செய்தேன் என்பது சோஃபா உறையின் ஜிப்பைத் திறந்தபோது தெரிந்தது. மேலே துணியில் உள்ளங்கை அளவுக்கு, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் ஒரு நிழல். உள்ளே ஸ்பாஞ்சில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள் வரைபடம், ஓரத்தில் பழுப்புக் கோடு. நான் மூன்று வாரத்துக்கு முன்பு துடைத்தது அந்த நிழலைத்தான்.

நம்பிக்கை வராவிட்டால் பாத்திரம் தேய்க்கும் பழைய ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து ஒரு கரண்டி கோப்பி ஓ (பால் விடாத காப்பி) ஊற்றிப் பாருங்கள். மேலே ஐம்பது காசு அகலம்தான் நனையும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுத்திருக்கும். இப்போது மேற்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். பளிச்சென்று இருக்கும். மேசைமேல் ஒரு நாள் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் கறை மறுபடி மேலே வந்திருக்கும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலத்தான்: மேற்பரப்பு காயக் காய, அடியில் கரைந்திருப்பது மேலே ஏறி வருகிறது. ஏறியது ஓரத்தில் சேர்ந்து கோடு போடுகிறது.

ஆகவே எந்த மருந்தாக இருந்தாலும், சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் போக வேண்டும். மேலே நாலு தடவை ஸ்ப்ரே அடிப்பது நம் மனத்திருப்திக்கு மட்டுமே.

நொதி ஏன் வேலை செய்கிறது

கரையாததைக் கரைக்க முடியாது, உடைக்கலாம். அதைத்தான் நொதி செய்கிறது. கடையில் என்ஸைம் கிளீனர் என்று கேட்டால் தருவார்கள். செல்லப்பிராணிக் கடைகளில் எல்லாம் இருக்கும். நம் வயிற்றில் சோற்றையும் பருப்பையும் செரிக்க வைப்பதும் இதே வகைப் பொருள்தான். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலை: ஒன்று புரதத்தை வெட்டும், ஒன்று யூரிக் அமிலத்தை உடைக்கும். சில பாட்டில்களில் நொதியோடு தீங்கில்லாத பாக்டீரியாவும் இருக்கும். ஈரம் கிடைத்ததும் அது உயிர்பெற்று, தானே நொதி சுரந்து, உடைந்த துண்டுகளைத் தின்னும்.

தின்ன நேரம் வேண்டுமே! இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊற்றி ஐந்து நிமிடத்தில் துடைத்துவிட்டு “இது சரியில்ல, காசு வேஸ்டு” என்கிறார்கள். புதிய கறைக்குக் கால் மணி நேரம் போதும் என்று பாட்டிலில் இருக்கலாம். ஸ்பாஞ்சுக்குள் இறங்கிய பழைய கறைக்கு இரவு முழுக்க வேண்டும், சில சமயம் இரண்டு மூன்று சுற்று வேண்டும். அதுவரை ஈரம் காயக்கூடாது. நான் செய்தது: கறையைவிட ஒரு சாண் அகலமாக, ஸ்பாஞ்சின் அடிவரை நனையும்படி ஊற்றி, மேலே சமையலறை பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நாலு பக்கமும் புத்தகத்தை வைத்து மூடிவிட்டேன். ஏர்கானும் இல்லை, மின்விசிறியும் இல்லை. நொதிக்கு வெதுவெதுப்பு பிடிக்கும், நம் ஊர் முப்பது டிகிரி அதற்குத் தோது. வாடையைக் கிளப்பிவிட்ட அதே புழுக்கம் இப்போது நம் பக்கம் நின்று உழைக்கிறது.

ஒரு எச்சரிக்கை: முதல் நாள் வாடை கூடும். உடைபடும்போது அம்மோனியா கொஞ்சம் வெளியேறத்தான் செய்யும். பயந்துபோய் அதன்மேல் வினிகரையோ கிருமிநாசினியையோ ஊற்றினால் நொதியைக் கெடுத்துவிடுவீர்கள். முன்பே வேறு எதையாவது போட்டிருந்தால் முதலில் சாதாரணத் தண்ணீரால் அலசி ஒற்றி எடுத்துவிட்டுத்தான் நொதிக்குப் போக வேண்டும்.

வினிகர் வீண் என்று சொல்ல வரவில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகர் அம்மோனியாவைக் கட்டிப்போடும். புதிய கறையில், தரையில், அவசரத்துக்கு உதவும். புரதத்தையும் ஃபெலினினையும் அது ஒன்றும் செய்யாது. ஆப்பசோடா கொஞ்சம் வாடையை உறிஞ்சும், அதோடு சரி. இரண்டையும் சேர்த்துப் பொங்க வைப்பதைக் காணொளிகளில் ஆகா ஓகோ என்கிறார்கள். பொங்குவது பார்க்க அழகு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு கையில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

வெந்நீர், ஸ்டீம் கிளீனர், இஸ்திரிப் பெட்டி, டிரையர் எதுவும் வாடை முழுதாகப் போகும்வரை வேண்டாம். முட்டை வெந்தால் இறுகுவதுபோல் சூடு பட்டால் புரதம் நாரோடு இறுகிவிடும். என் தோழி ஒருத்தி மெத்தைக்கு ஸ்டீம் போட ஆள் கூப்பிட்டாள். நூறு வெள்ளிக்கு மேல் போனது. அறை முழுக்க இரண்டு நாள் வேகவைத்த பூனை வாடை.

கலக்கக்கூடாத கலவை

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், நம் வீடுகளில் சர்வசாதாரணமாக நடப்பதால். சிறுநீர் கிடந்த இடத்தில் ப்ளீச்சை ஊற்றாதீர்கள். அங்கே அம்மோனியா இருக்கிறது. ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு. சன்னல் மூடிய குளியலறையில் இருமலோடு நிற்காது, நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

அடுத்து, பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் பழுப்பு நிறக் கிருமிநாசினி. தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்குமே, அது. அந்த வகையில் பெரும்பாலானவற்றில் இருக்கும் குளோரோசைலினாலைப் பூனையின் ஈரலால் சரியாகக் கழிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே ஆபத்து. டீ ட்ரீ எண்ணெய், பாச்சா உருண்டை இவற்றுக்கும் இதே கதை. வாசனைக்காகக் கிருமிநாசினி போடும் பழக்கம் உள்ளவர்கள் அத்தனை பேரும் நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள், என் அம்மா உட்பட. பாட்டிலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

எந்தப் பொருளுக்கு எது

புதிதாகப் போனது என்றால் முதல் வேலை ஒற்றி எடுப்பது. தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும், ஆழமாக இறங்கும். பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். காய்ந்த பக்கமாக மாற்றி மாற்றி, துண்டில் ஈரம் ஏறுவது நிற்கும்வரை. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பருத்தி விரிப்பு, தலையணை உறை, சாரோங் எல்லாம் எளிது. குளிர்ந்த நீரில் அலசி, நொதி கலந்த சலவைத் தூளில் ஊறவைத்து, வாஷிங் மெஷினில் குளிர் நீரில் ஓட்டி, கம்பத்தில் காயப்போடுங்கள். வெள்ளைத் துணியில் மஞ்சள் நின்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு தடவலாம். நிறத்துணி வெளுத்துவிடும், மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். நொதி போட்டிருக்கும்போதே பெராக்சைடு போடக்கூடாது, அது நொதியை அழிக்கும். பெராக்சைடு கலவையை மூடிய பாட்டிலில் எடுத்தும் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

பட்டுப்புடவைக்கு நொதி ஆகாது. பட்டும் கம்பளியும் புரதம். கறையைத் தின்ன வந்தது புடவையையும் தின்னும். ஒற்றி எடுத்து, அன்றைக்கே டிரை கிளீனிங் கடையில் கொடுங்கள். என்ன கறை என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அதைப் பொறுத்துத்தான் அவர்கள் மருந்து மாறும்.

மெத்தைதான் கொடுமை. நொதியை ஊற்றுவதில் இல்லை சிரமம், காய வைப்பதில்தான். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாடையை விரட்டி இன்னொன்றைக் குடிவைத்த கதையாகிவிடும். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு பக்கமும் மின்விசிறி, ஏர்கானில் டிரை மோடு. வெயில் படட்டும் என்று பொது நடைபாதையில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்பு விதி. சன்னலுக்கு வெளியே தொங்கவிடும் யோசனை எனக்கும் வந்தது, நாங்கள் பதினோராவது மாடி என்று நான் எனக்கே ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பளிங்குத் தரையில் வினிகரே கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவானது, அமிலம் பட்டால் பளபளப்பு போய் வெளுத்த தடம் விழும். பழைய வீட்டுப் பார்க்கே மரத்தரையில் பூச்சு தேய்ந்த இடத்தில் சிறுநீர் மரத்துக்குள்ளேயே போய்விடும், பிறகு தேய்த்து மறுபூச்சு போடுவதுதான் வழி. ரெக்ஸின் சோஃபாவை மேலே துடைத்தால் போதும், ஆனால் தையல் வரிசையைப் பாருங்கள், ஊசித் துளை வழியாக உள்ளே போயிருக்கும்.

எங்கே போனது என்றே தெரியாவிட்டால் புறஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள் பச்சையாக மினுங்கும். சலவைத் தூள் பட்ட துணி நீலமாக மினுங்கும், அதைப் பார்த்து அலறாதீர்கள். திரைச்சீலையிலும் சோஃபாவின் பக்கவாட்டிலும் மேலிருந்து வழிந்த மாதிரி தெரிந்தால் அது அவசரத்துக்குப் போனது அல்ல, எல்லை குறிக்க அடித்தது. கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும்.

எதற்கும் அசையாத ஸ்பாஞ்சு உண்டு. மூன்று சுற்று நொதி போட்டும் மழைநாளில் வாடை வந்தால் உறையை வைத்துக்கொண்டு ஸ்பாஞ்சை மட்டும் வெட்டி மாற்றச் சொல்லுங்கள், சோஃபா தைப்பவர்கள் செய்து தருவார்கள். முழு மெத்தையே போக வேண்டுமென்றால் நகர மன்றத்தை அழைத்தால் பெரிய பொருள்களை எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்வார்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு, பூனை ஏன் அங்கே போனது என்று கேட்காமல் விட்டால் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. மணல் தட்டில் போய்ப் பழகிய பூனை திடீரென்று வெளியே போனால் சிறுநீர்ப்பாதைக் கோளாறாக இருக்கலாம். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு உயிரை எடுக்கும், அந்த இரவே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எங்கள் மஞ்சாவுக்கு நோய் ஒன்றும் இல்லை. மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு, “வீட்ல எதையாச்சும் மாத்துனீங்களா?” என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. தீபாவளிச் சுத்தம் என்று சொல்லி அதன் மணல் தட்டைச் சமையலறை மூலையிலிருந்து எடுத்து பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) வைத்திருந்தோம். அந்த இரும்புக் கதவை யாரோ வழக்கம்போல் சாத்திவிட்டார்கள். பாவம், அது கதவருகே எவ்வளவு நேரம் நின்றதோ. தட்டு பழைய மூலைக்கே வந்துவிட்டது, ஷெல்டருக்குள் இரண்டாவது தட்டு ஒன்று, கதவு சாத்தாமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டை.

சோஃபாவை இரண்டாம் சுற்று முடிந்து காயவைத்த வாரத்திலேயே ஒரு நல்ல மழை வந்தது. ஏர்கானை நிறுத்தினேன், சன்னலைத் திறந்தேன், அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு முட்டி போட்டு, மூக்கை ஸ்பாஞ்சில் வைத்து முகர்ந்தேன். ஈரத்துணி வாசம், லேசாக. மஞ்சாவும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஆர்வம் இல்லாமல் போய் செருப்பு அலமாரி மேல் ஏறிக்கொண்டது.